மணியண்ணன் லைன் கிளியர் எடுத்த கதை

தாண்டிக்குடி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் மணிமேகலை. பட்டா, வருமானச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, பரீட்சை ரிசல்ட் என்று இந்த ஊரின் பாதிச் சோலி என்னுடைய ஒரே கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. ஆனாலும் வயர்மேன் மணியன் அண்ணன் அந்த ஆவணி மாதத்தில் எனக்கு வரவழைத்த கோபத்தை வேறு யாரும் இதுவரை வரவழைத்ததில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

அண்ணனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பெரும்பாறையில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். ஐடிஐயில் வயர்மேன் படித்துவிட்டு இங்கே வந்து வாடகை வீட்டில் குடியேறி இருபது வருஷம் ஆகிவிட்டது. காபித் தோட்டத்து மோட்டார், விடுதிகளில் சுடுதண்ணீர் கீசர், கோயில் திருவிழா சீரியல் லைட், காட்டுமாட்டுக்குப் போட்ட சோலார் வேலி, எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. தங்கைகள் இரண்டு பேருக்கு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது நாற்பது தாண்டியிருந்தது. அதற்கப்புறம் வந்த வரன்கள் எல்லாம் போட்டோவைப் பார்த்த கையோடு திரும்பிப் போய்விட்டன.

அவர் வேலை பார்க்கும் விதம் ஊருக்கே தெரியும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் லைன் கிளியர் எடுப்பார். லைன் கிளியர் என்றால் வேலை பார்க்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொள்வது. மற்ற வயர்மேன்கள் அந்த ஒரு கம்பிக்கு எடுப்பார்கள். இவர் வீட்டிலுள்ள அத்தனை பீஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு பல்பு மாட்டுவதற்குக்கூட மிக்ஸி நிற்கும், சீரியல் நிற்கும், வீட்டுக்காரி வையத் தொடங்குவாள். இருபத்து மூன்று வயதில் இவர் ஏணியில் நிற்கும்போது யாரோ உதவி செய்வதாக நினைத்துக் கீழே சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அன்று விழுந்ததில் இடது கைச் சுண்டுவிரல் இன்றுவரை மடங்காது. அதனால் யார் வைதாலும் அவர் கேட்பதில்லை.

வேலை முடிந்ததும் கட்டைகளைத் திரும்ப மாட்டுவதை அவர் மறப்பதே இல்லை. அவை கனமான பீங்கான் சாமான்கள், சட்டைப் பையை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு தடவை மறந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேறு சட்டையில் வத்தலக்குண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்று மாலை சின்னக்கருப்பன் டீக்கடை மெழுகுவர்த்தியில் நடந்தது. அதிலிருந்து மணியண்ணன் தெருவில் போனால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டைப் பையைப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் லினக்ஸ் போன் வந்து சேர்ந்தது.

கொடுத்தது சுசித்ரா. பெங்களூர் சாப்ட்வேர் பெண். காபி எஸ்டேட் பங்களா ஒன்றில் எட்டு மாதம் தங்கி அங்கிருந்தே வேலை பார்த்தாள். பங்களாவில் எர்த் சரியில்லாமல் லேப்டாப்பைத் தொட்டால் சுண்டும். அண்ணன் இரண்டு நாள் மண்ணைத் தோண்டி அதைச் சரி செய்து கொடுத்தார். ஊருக்குக் கிளம்பும்போது அவள் தன்னிடம் இருந்த பழைய போனை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். "இது பெரிய கம்பெனிங்க போன் இல்லண்ணா. லினக்ஸ். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி நீங்களே மாத்திக்கலாம்" என்றாளாம்.

அண்ணனுக்கு லினக்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் போனின் முதுகு மூடியை நகத்தால் திறக்கலாம். பேட்டரியைக் கையால் எடுக்கலாம். அதற்கு மேலே ஆறு குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. டவர், வைஃபை, மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்போன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். போனுக்குள்ளேயே சுவிட்ச் போர்டு! டீக்கடையில் அதைத் திறந்து காட்டாத நாள் கிடையாது. "உங்க போன்ல இது இருக்காலே?" என்று ஜீப் டிரைவர் முத்துராஜிடம் கேட்பார். முத்துராஜ், "என் போன்ல மணி அடிக்கும்லே, உன் போன்ல அடிக்குமா?" என்பார்.

குறை அதுதான். போன் அடிக்காது. திரை அணைந்தால் அது தூங்கிவிடும், தூங்கினால் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காது, கூப்பிட்டது யார் என்று பிறகு காட்டவும் காட்டாது. அண்ணன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து அமுக்கி எழுப்பி, யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பையில் போடுவார். மோட்டார் நின்றுபோன ஆட்கள் எல்லாம் என் போனுக்குக் கூப்பிட்டார்கள். நான் கடை வாசலில் நின்று கத்தி அவரைக் கூப்பிட்டேன். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது அவருக்கு நான் பெண் பார்த்தபோது.

பெண் என் பெரியம்மா மகள் தேவசேனா அக்கா. வடகவுஞ்சி. முப்பத்தெட்டு வயது. முதல் கல்யாணம் பதினோரு மாதத்தில் கோர்ட்டில் முடிந்தது. அப்பா போனபின் இரண்டரை ஏக்கரில் தானே பூண்டு போட்டு, தானே பிக்கப் ஓட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறாள். அக்காவின் போட்டோ ஒன்றை அண்ணனிடம் காட்டினேன். அதில் அவள் பிக்கப் வண்டிக்கு ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தாள். வேறு நல்ல போட்டோ அவள் கொடுக்கவில்லை. அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "சக்கரத்து நட்ட எதிரெதிராத்தான் மாட்டியிருக்கு, வரிசையா மாட்டல" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

அக்காவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"எல்லாஞ் சரிதான் மேகலை. அவருகிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு அவரு என்ன சொல்றாரோ அத வச்சுத்தான்."

"என்னக்கா கேக்கணும்? நானே கேட்டுச் சொல்றேன்."

"நீ கேட்டா அது மூணு மலைக்கும் கேக்கும். உன் போன்லயும் வேணாம். போனக் குடுத்துட்டு நீ காத எங்க வப்பேன்னு எனக்குத் தெரியும். அவரு நம்பரக் குடு, நானே கூப்புடுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை என்பதால் நம்பரைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். போன் தூங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "வியாழக்கெழம பதினோரு மணிக்குக் கூப்புடுவேன். அதுவும் எடுக்கலைன்னா இந்தப் பேச்ச விட்ரு. கேள்வி கேட்டா காணாமப் போற ஆளோட நான் ஏற்கெனவே இருந்து பாத்துட்டேன்."

நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "இத்தன வருசத்துல ஒரு பொண்ணு நம்மகிட்டக் கேள்வி கேக்கணும்னு சொல்லுது மேகலை. மத்ததெல்லாம் நேரா பதிலச் சொல்லிட்டுப் போயிருச்சுக" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. என்னிடம் ஒரு பழைய பட்டன் போன் சும்மா கிடக்கிறது, சிம்மை எடுத்து அதில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு மட்டும் திரை அணையாமல் அமுக்கிக்கொண்டே இருங்கள் என்றேன்.

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"நான் ரிப்பேர் பாக்குறவன். என் சாமானையே சரி பண்ண முடியாம எரவல் போன்லயோ, தூங்கவிடாத போன்லயோ பொண்ணுகிட்டப் பேசினா, பேச்சுலயே ஒரு பொய் இருக்குல்ல?"

இந்த மாதிரி ஞாயம் பேசுகிற ஆளுக்கு நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் ஆகாததில் ஆச்சரியம் என்ன என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுசித்ராவுக்கு என் போனிலிருந்து மெசேஜ் போடச் சொன்னார்.

அவள் உடனே பதில் போட்டாள். புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்திருக்கிறது, அதில் போன் தூங்கினாலும் மணி அடிக்கும். அதன் மொத்தமும் அடங்கிய இமேஜ் பைலை இறக்கி, மெமரி கார்டில் எழுதி, கார்டைப் போனில் போட்டு ஆன் செய்தால் அதுவே இன்ஸ்டால் செய்துகொள்ளும். பழையது முழுக்க அழிந்து புதியது உட்காரும். செய்ய வேண்டியதை எல்லாம் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தாள். நான் அதைப் பிரிண்ட் எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

புதன்கிழமை காலையில் வெள்ளனே கடையைத் திறந்து பைலை இறக்கத் தொடங்கினோம். பெரிய பைல். எங்கள் மலையில் இன்டர்நெட் மேகத்தைப் பார்த்துத்தான் வரும். அறுபது சதவீதத்தில் கரண்ட் போய், முதலிலிருந்து. எண்பதில் இன்டர்நெட் போய், மறுபடி முதலிலிருந்து. வருமானச் சான்றுக்கு வந்தவர்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். யார் கேட்டாலும், "மணிக்குப் பொண்ணு எறங்கிட்டிருக்கு, முடியட்டும்" என்று சின்னக்கருப்பன் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் டீ கொடுக்க வந்தவர், கடைக்குத் திரும்பிப் போகவேயில்லை.

நாலு மணிக்குப் பைல் முழுசாக வந்தது. அடுத்து அது சேதமில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி உண்டு. இணையத்தில் போட்டிருக்கும் வரியும் நம் கம்ப்யூட்டர் காட்டும் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்தால் போதும் என்று நான் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நடுவுல ஒண்ணு கொறஞ்சா?" என்றார். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் அடித்தார். வாசலில் இருந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். நாற்பத்தோராவது எழுத்தில் எனக்குத் தும்மல் வந்தது. எங்கே விட்டோம் என்பதில் மூன்று கட்சியாகிவிட்டதால் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். பொறுமையின் எல்லை என்று ஒன்று உண்டு, அது எனக்கு நாற்பத்தோராவது எழுத்தில் இருக்கிறது.

மெமரி கார்டில் எழுதி முடித்தபோது இருட்டிவிட்டது. மிச்சத்தைக் காலையில் பார்க்கலாம் என்று கடையை அடைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அண்ணன் வந்தார். அவருக்கு முன்னாலேயே முத்துராஜும் சின்னக்கருப்பனும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். தலை படிய வாரி, திருநீறு வைத்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். போனில்தானே பேசப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. போனை மேஜையில் வைத்து நகத்தால் மூடியைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார்.

"மொதல்ல லைன் கிளியர்" என்றார்.

டெஸ்டர் நுனியால் ஆறு சுவிட்சையும் ஒவ்வொன்றாகத் தள்ளி ஆஃப் செய்தார். டவர், வைஃபை, மைக், இரண்டு கேமரா, ஹெட்போன். சுசித்ரா எழுதிக்கொடுத்த தாளில் இது இல்லை. ஆனால் அவர் செய்த ஒழுங்கைப் பார்த்து எனக்கே ஒரு மரியாதை வந்தது. பிறகு கார்டைப் போட்டார், பேட்டரியை வைத்தார், மூடினார், ஆன் செய்தார்.

திரையில் சதவீதம் ஓடியது. முப்பத்து நாலில் வந்து நின்றது. பத்து நிமிஷம் அசையவே இல்லை. "எதையாச்சும் அமுக்குங்கண்ணே" என்றேன். "ஓடுற மோட்டாருல யாராச்சும் கைய வப்பாங்களா?" என்று அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அது முப்பத்தைந்துக்கு நகர்ந்தபோது முத்துராஜ் விசிலடித்தார். பத்து முப்பத்தைந்துக்கு முழுசாக முடிந்து, புதுத் திரை பளிச்சென்று வந்தது. மணி சரியாகக் காட்டியது. எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தது. சின்னக்கருப்பன் எல்லோருக்கும் டீ ஊற்றினார்.

சோதித்துப் பார்க்கலாம் என்று நான் என் போனிலிருந்து கூப்பிட்டேன். "நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்றது. அண்ணன் எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் சிம்மை எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டார். இல்லை. டவர் கிடைக்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் போனை உயர்த்திப் பிடித்தார். இல்லை. "பழனி பக்கமாத் திருப்புலே" என்று கீழேயிருந்து முத்துராஜ் கத்தினார். திருப்பியும் இல்லை. இறங்கிவந்து முதுகு மூடியை மறுபடி திறந்தார். ஆறு சுவிட்சையும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் ஆஃப்லதான் இருக்கு. பயமில்ல" என்று சொல்லி மூடினார். நானும், "அப்பச் சரி" என்றேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

சுசித்ராவுக்கு மெசேஜ் போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகவும் சாயங்காலம் பேசுவதாகவும் பதில் வந்தது. மணி பதினொன்று அடித்தது. அக்கா இப்போது கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரிந்து நாங்கள் எல்லோரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அழகாக மணி மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

பதினொன்று பத்துக்கு நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"மூணு தடவ கூப்புட்டேன். எல்லைக்கு வெளியன்னுது. சரி மேகலை, வச்சிரு."

"இல்லக்கா, அவரு போனுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக்கிட்டிருக்காரு..."

"நான் கூப்புடுறேன்னு சொன்ன அன்னைக்கா?"

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டபோது அவள் போன் அணைத்துக் கிடந்தது. அண்ணனின் சிம்மைப் பிடுங்கி என் பட்டன் போனில் போடலாமென்று அதை எடுத்தால், உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பிப்போயிருந்தது. அண்ணன் என் கடைப் படியில் உட்கார்ந்தார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, போனைக்கூடத் திட்டவில்லை. தேய்த்த சட்டை தொட்டித் தண்ணீரில் நனைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதனால் அவரைக் கண்டபடி திட்டினேன்.

இரண்டரை மணிக்கு ஒரு பிக்கப் வந்து டீக்கடை ஓரம் நின்றது. அக்கா இறங்கினாள். பெருமாள்மலை, பண்ணைக்காடு சுற்றி மூடுபனியில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நேராக என் கடைக்கு வந்தாள்.

"இவருதானா?"

அண்ணன் எழுந்து, "வாங்க" என்றார்.

"வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். போன்ல சொல்லலாம்னா உங்க போனு எடுக்கல."

"நீங்க சொல்றது ஞாயந்தாங்க. ஆனா நான் வேணும்னு எடுக்காம இருக்கல. மூணு நாளா இதே சோலியாத்தான் கெடக்குறேன்." போனை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு என் கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன செஞ்சீங்கன்னு மொதல்லருந்து சொல்லுங்க. வண்டி நின்னுபோச்சுன்னா நான் அப்படித்தான் பாப்பேன்."

"மொதல்ல லைன் கிளியர் எடுத்தேங்க."

"போனுக்கா?"

"உள்ள ஆறு சுவிட்ச் இருக்குங்க. டவருக்கு ஒண்ணு, மைக்குக்கு ஒண்ணு. எல்லாத்தயும் ஆஃப் பண்ணிட்டுத்தான் கைய வச்சேன்."

"சரி. அப்புறம்?"

"கார்டு போட்டேன், இன்ஸ்டால் பண்ணேன்."

"அப்புறம்?"

"முடிஞ்சுச்சுங்க. மூடுனேன்."

"அப்புறம்?"

"அப்புறம்..." என்ற அண்ணனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலியாக இருந்தது. இருபது வருஷமாகக் கட்டைகளின் கனம்தான், திரும்ப மாட்டச் சொல்லி அவருக்கு நினைவுபடுத்தியிருக்கிறது. இந்தப் போனில் பிடுங்கிப் பையில் போட ஒன்றுமே இல்லை. அவர் கை பையிலேயே நின்றது, முகம் செத்துப்போயிற்று. வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சின்னக்கருப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா சிரித்தாள். கோர்ட்டிலிருந்து திரும்பிய நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "போடுங்க" என்றாள்.

அண்ணன் மூடியைத் திறந்து டெஸ்டரால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். "டவரு. வைஃபை. மைக்கு" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். போனை ஆன் செய்ததும் டவர் கோடுகள் மூன்று எழுந்தன. அக்கா காலையில் கூப்பிட்டதாக மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"மணி அடிக்குதான்னு பாக்கணும்ல" என்று அக்கா எழுந்தாள். ரோட்டைக் கடந்து தன் பிக்கப் அருகே போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் எதற்குப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வந்தவள் அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறாள்.

அண்ணன் போனை மேஜையில் வைத்துத் தூங்கவிட்டார். திரை அணைந்தது. சின்னக்கருப்பன்கூட டீ ஆற்றுவதை நிறுத்தினார். கோயில் மணிபோல ஒரு சத்தம் எழுந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் போன் அடித்ததை பஜாரே கேட்டது. அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ" என்றார்.

"நான் கேக்க நெனச்சதக் கேட்டுர்றேன்" என்றது போன். காதுக்கு மட்டும் கேட்க வேண்டிய குரல் ஸ்பீக்கரில் வெளியே வந்தது. புது ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படி வைத்திருந்தது. "மூஞ்சியப் பாத்தாக் கேக்க வராது."

நான் பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைக்கப் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினேன். அது கூட்டுகிற பட்டன். அக்காவின் குரல் பஸ் நிறுத்தம்வரை போயிற்று.

"எங்கப்பா காட்ட விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். போன தடவ விட்டுட்டுப் போயி, திரும்பி வந்து பாத்தா காடு பூராம் களையாக் கெடந்துச்சு. அன்னைக்குத் தனியா ஒக்காந்து அழுதேன். நீங்க வடகவுஞ்சிக்கு வந்துருவீங்களா? வீட்டோட மாப்பிள்ளைன்னு நாலு பேரு சிரிப்பாங்க. இப்பவே சொல்லணும்னு இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

போன வருஷம்தான் எங்கள் ஊர்ச் சக்திவேல் பெண்டாட்டி ஊரான பண்ணைக்காட்டுக்குக் குடிபோனார். அதற்காக டீக்கடையில் ஆறு மாதம் அவரை வறுத்தெடுத்தார்கள். அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததே மணியண்ணன்தான். இப்போது அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏலே மணி..." என்று முத்துராஜ் ஏதோ தொடங்கினார். நான் முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கடைக்குள் போய்விடலாம், அல்லது கையால் போனைப் பொத்திக்கொள்ளலாம். இரண்டையும் செய்யவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அக்காவின் முதுகைப் பார்த்தபடி பேசினார்.

"யோசிக்க என்னங்க இருக்கு? வர்றேங்க. நடவுக்கு முன்னாடியே வந்துர்றேன்."

அக்கா சட்டென்று திரும்பினாள். தன் குரல் கடை வாசலிலிருந்து எதிரொலிப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஸ்பீக்கரா அது?"

"ஆமாங்க. அமத்தத் தெரியல."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"எல்லாரும் கேக்குறாங்கன்னு தெரிஞ்சா சொன்னீங்க?"

"தெரிஞ்சுதாங்க சொன்னேன்."

அக்கா ஷாலை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே ரோட்டைக் கடந்து, எங்கள் எல்லோர் நடுவிலும் வந்து, அவருக்கு நேரெதிரே நின்றாள்.

"அப்பச் சரி" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து.